நெல்லையில் சொகுசு அபார்ட்மெண்ட் வாடகைக்கு எடுப்பது எப்படி?

பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர் என்று பாளையங்கோட்டையைச் சுற்றி லிஃப்ட், ஜெனரேட்டர், ஜிம், மாடுலர் கிச்சன் எல்லாம் உள்ள அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. ஆனால் சென்னையில் சொகுசு வீடு பார்க்கிற அளவுகோலை வைத்து இங்கே பார்த்தால் ஏமாந்துபோவோம். காரணம் எளிது. அங்கே ஒரு வளாகத்தில் 300 வீடு இருந்தால் நீச்சல் குளம், ஜெனரேட்டர், செக்யூரிட்டி எல்லாவற்றின் செலவும் 300 பேர் தலையில் பிரியும். இங்கே ஒரு கட்டடத்தில் 20, 30 வீடு. அதிலும் பல ஓனர்கள் வளைகுடாவிலோ பெங்களூருவிலோ இருப்பார்கள், வீடு பூட்டியே கிடக்கும். பூட்டிய வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் ஒழுங்காகக் கட்டாவிட்டால், குடியிருக்கும் பத்துக் குடும்பம்தான் லிஃப்ட்டையும் மோட்டாரையும் சுமக்க வேண்டும். நீச்சல் குளம் முதல் வருஷத்தோடு காய்ந்துவிடும்.

அதனால் வீட்டுக்குள் நுழையும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மொத்தம் எத்தனை வீடு, அதில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள்? புரோக்கரிடம் கேட்டால் எல்லாம் நிறைந்துவிட்டது என்பார். வாட்ச்மேனிடம் கேளுங்கள். “அண்ணாச்சி, ராத்திரி எத்தன வீட்டுல லைட் எரியும்?” என்று கேட்டால் சரியான எண்ணிக்கை வரும். பாதிக்கு மேல் ஆள் இருந்தால்தான் பொது வசதிகள் ஓடும் என்று எதிர்பார்க்கலாம்.

எந்த மாதத்தில் தேடுவது

பாளையங்கோட்டை பள்ளிக்கூடங்களின் ஊர். ஜூனில் பள்ளி திறப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குக் கிராக்கி அதிகம், பேரம் பேச இடமிருக்காது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் பலரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியான வீடு அப்படியே நிற்கும், ஓனருக்கு வாடகை நஷ்டம். உங்களுக்கு அந்த மாதத்தில் குடிபோவதில் தடையில்லை என்றால், வாடகையைக் குறைக்கச் சொல்வதைவிட பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லுங்கள், ஏ.சி. சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள், கொசுவலை போடச் சொல்லுங்கள். ஓனர்கள் இதற்குச் சீக்கிரம் இறங்கிவருவார்கள். மாத வாடகையைக் குறைத்தால் அடுத்து வருகிறவருக்கும் அதுவே கணக்காகிவிடும் என்று யோசிப்பார்கள். ஆடியில் பேசி அட்வான்ஸில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஆவணியில் குடிபோகிற ஏற்பாடும் உண்டு. அப்போது கொடுத்த தொகை, குடிபோகும் தேதி, வாடகை எந்தத் தேதியில் இருந்து தொடங்கும் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சைவமா அசைவமா, நாய் வளர்ப்பீர்களா, கல்யாணம் ஆனவரா என்பதெல்லாம் இங்கே இன்னும் கேட்கிறார்கள். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகு இந்தக் கேள்வியில் தடைப்பட்டு அலைவதைவிட, போனிலேயே முதலில் தெளிவாகப் பேசிவிடுவது நல்லது.

இடத்தைப் பார்ப்பது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகமே தண்ணீரில் நின்றது. ஆற்றங்கரை மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் ஓடுகிற தடத்திலும், வயலும் குளத்தங்கரையும் மனையான இடங்களிலும் மழைநீர் போக வழியில்லாமல் நிற்கும். அந்த மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிர்த்த பெட்டிக்கடையில் கேளுங்கள், கையை உயர்த்திக் காட்டுவார்கள்.

மாடியில்தானே வீடு, தண்ணீர் வந்தால் என்ன என்று தோன்றும். சொகுசுக் கட்டடத்தின் உயிர் முழுவதும் தரைத்தளத்தில் இருக்கிறது. கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தில்தான் மீட்டர் போர்டு, ஜெனரேட்டர், மோட்டார், லிஃப்ட் குழி, சம்ப் எல்லாம் இருக்கும். அங்கே மூன்றடி தண்ணீர் நின்றால் ஐந்தாவது மாடியில் இருக்கிறவருக்கும் கரண்டு கிடையாது, தண்ணீர் கிடையாது, லிஃப்ட் கிடையாது. மூன்றைப் பாருங்கள். மீட்டர் போர்டு நெஞ்சளவுக்கு மேல் இருக்கிறதா? ஜெனரேட்டர் மேடை மேல் நிற்கிறதா, வெறும் தரையிலா? சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கிறதா, அரை அடியாவது எழுப்பிக் கட்டியிருக்கிறதா? மூடி தரைமட்டத்தில் இருந்தால் மழைத்தண்ணீரும், சாக்கடை வழிந்தால் அதுவும், குடியிருப்பவர் குளிக்கிற தண்ணீரில் கலக்கும். தூண்களில் ஒரே உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்ட் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்தானா என்பதும் முக்கியம். செப்டிக் டேங்க் என்றால் லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அதன் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா? வயல் நிலத்தில் எழுந்த கட்டடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறும். அப்போது டேங்க் சீக்கிரம் நிறையும், தரைத்தள வீட்டுக் குளியலறையில் தண்ணீர் எதிர்த்து வரும்.

வேலைக்கோ பள்ளிக்கோ போகிற வழியில் ரயில்வே கேட் இருந்தால், குலவணிகர்புரம் கேட் மாதிரி, காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் ஒருமுறை அந்த வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மத்தியானம் வீடு பார்க்கப் போனால் அந்தத் தொல்லை கண்ணில் படாது.

தண்ணீர்

வாடகைக்கு எடுப்பவர்கள் கொஞ்ச நேரமும் பார்க்காமல் விட்டு, பிறகு வருஷம் முழுக்க அவதிப்படுவது இதில்தான். தாமிரபரணித் தண்ணீர் குடித்துப் பழகிய ஊர் இது. ஆனால் அடுக்குமாடியின் குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். மாநகராட்சி நல்ல தண்ணீர் தனி சம்ப்பில் விழுந்து, தனிக் குழாயில் சமையலறைக்கு மட்டும் வருகிறதா, இல்லை எல்லாம் ஒரே தொட்டியில் கலந்துவிடுகிறதா என்று கேளுங்கள். தனித்தனி லைன் உள்ள கட்டடம் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுக்கலாம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். சமையலறைக் குழாயிலும் குளியலறைக் குழாயிலும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. குளியலறையில் 1,000க்கு மேல் காட்டினால் பெரும்பாலும் கடின நீராகத்தான் இருக்கும்: கீசர் காயிலில் சுண்ணாம்பு படியும், ஷவர் துளைகள் அடைக்கும், வாஷிங் மெஷின் ஹீட்டர் போகும், தலைமுடி பிசுபிசுக்கும். மீட்டர் இல்லாவிட்டாலும் ஷவரையும் குழாய்க் கழுத்தையும் பாருங்கள். வெள்ளைப் படிவு ஏறியிருந்தால் அதுவே பதில். கட்டடத்தில் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மென்னீராக்கும் கருவி, இருக்கிறது என்று சொன்னால், கடைசியாக எப்போது அதற்கு உப்பு போட்டார்கள் என்று கேளுங்கள். உப்பு மூட்டை வாங்காத சாஃப்ட்னர் வெறும் இரும்புத் தொட்டி.

அளவையும் கணக்குப் போட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் பயன்படுத்தும் அளவு. 20 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் நாளொன்றுக்கு 10,800 லிட்டர். சம்ப்பும் மேல்தொட்டியும் சேர்ந்து 20,000 லிட்டர் என்றால் இரண்டு நாளைக்குக்கூட முழுதாகக் காணாது. சித்திரை, வைகாசியில் போர் வற்றினாலோ மோட்டார் எரிந்தாலோ லாரித் தண்ணீர்தான். போன கோடையில் எத்தனை லாரி வாங்கினார்கள், பணத்தை யார் கொடுத்தார்கள் என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேளுங்கள். மெயின்டனன்ஸில் அடக்கம் என்பார் ஒருவர், வீட்டுக்கு வீடு பிரிப்போம் என்பார் இன்னொருவர். அப்படி வந்தால் அதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

கரண்டு

வீட்டுக்குத் தனி ஈ.பி. மீட்டர், வீட்டு உபயோகக் கட்டண விகிதத்தில் இருக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் சில சமயம் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே வீடுகளுக்கும் கரண்டு ஓடும், ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார். அந்த வீட்டில் இலவச யூனிட்டும் கிடைக்காது, அடுக்கு விகிதத்தின் சலுகையும் கிடைக்காது. நிரந்தர இணைப்பு வந்த பிறகு பேசலாம் என்று சொல்லி விலகுவதே நல்லது. பழைய மின்கட்டண ரசீது ஒன்றை வாங்கி, இணைப்பு எண், விகிதம், பாக்கி மூன்றையும் பாருங்கள்.

ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. படுக்கையறை ஏ.சி. ஒன்று, சராசரியாக மணிக்கு ஒரு யூனிட், இரவில் 8 மணி நேரம் என்றால் 60 இரவில் 480 யூனிட். ஃபிரிட்ஜ், மோட்டார், கீசர் சேர்ந்தால் 500ஐத் தாண்டும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலையும் போய்விடும். மூன்று ஏ.சி. பொருத்திய வீடு என்று விளம்பரத்தில் பார்த்து மகிழ்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுங்கள். மூன்று ஏ.சி. ஓட வேண்டுமானால் த்ரீ-ஃபேஸ் இணைப்பும் வேண்டும். சிங்கிள் ஃபேஸில் எல்லாவற்றையும் போட்டால் ட்ரிப் ஆகும்.

‘ஃபுல் பவர் பேக்கப்’ என்றால் பல கட்டடங்களில் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு, வீட்டுக்கு ஒரு 500 வாட் மட்டும்தான். அதில் நாலு லைட், மூன்று ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ் ஓடும். ஏ.சி., கீசர், மிக்ஸி ஓடாது. எந்தெந்த ஸ்விட்ச் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறது என்று ஓனரிடம் குறித்து வாங்குங்கள். கரண்டு போனால் லிஃப்ட் தானாகப் பக்கத்துத் தளத்துக்கு வந்து திறக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். லிஃப்ட் உரிமம் புதுப்பித்த நகலையும் அசோசியேஷனிடம் கேட்டுப் பாருங்கள்.

காற்றும் வெயிலும்

பங்குனி முதல் வைகாசி வரை மேற்குச் சுவர் சாயங்காலம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணி வரை சூட்டைத் துப்பும். அதனால் பெரிய படுக்கையறை மேற்கில் இருந்தால் ஏ.சி. பில் கூடும். கிழக்கிலோ வடக்கிலோ படுக்கையறை, மேற்கில் யுட்டிலிட்டியும் குளியலறையும் இருப்பது நல்ல அமைப்பு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழ். மேற்கு ஜன்னல் இருந்தால் ஃபேனே வேண்டாம், ஆனால் புழுதியும் வரும், கதவுகள் அறையும். ஸ்லைடிங் ஜன்னலின் ரப்பர் பீடிங் பிய்ந்திருந்தால் ராத்திரியெல்லாம் விசில் சத்தம். கடைசி மாடி வீடு என்றால் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள், வெள்ளை ஓடு பதித்திருக்கிறதா, வெறும் காங்கிரீட்டா. அடுக்குமாடியின் கடைசி மாடியை வெறும் காங்கிரீட்டோடு எடுக்காதீர்கள்.

வீட்டுக்குள்

ஃபால்ஸ் சீலிங் விளக்குகளைப் பார்த்து மயங்காமல், டேப் எடுத்துப் போய் அறைகளை அளந்து பாருங்கள். 1,500 சதுர அடி என்று சொன்னது சுவர், படிக்கட்டு, லிஃப்ட், பொது இடம் எல்லாம் சேர்த்த கணக்கு. உள்ளே நடமாடும் இடம் 1,100 இருந்தாலும் ஆச்சரியமில்லை. எல்லா ஜன்னலிலும் கொசுவலை வேண்டும், கால்வாய் ஓரத்து வீட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது. கிரைண்டர் வைக்க மேடையும் பிளக்கும், துணி காயப்போட வெயில் படும் இடம், கேஸ் சிலிண்டர் வைக்க காற்றோட்டமான மூலை இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். பொருமலும் உதிரலும் இருந்தால் உள்ளே குழாய் கசிகிறது.

மாதச் செலவு

வாடகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 2.50 என்றால் 1,500 சதுர அடிக்கு 3,750. கவனியுங்கள், நடமாடாத இடத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இரண்டு மாத கரண்டு பில் 5,000 வந்தால் மாதத்துக்கு 2,500. இரண்டாவது காருக்கு இடம், தண்ணீர் கேன் எல்லாம் சேர்ந்து ஒரு 1,000. 32,250 ஆகிவிட்டது. பேரம் பேசும்போது இந்த மொத்தத்தை மனதில் வைத்துப் பேசுங்கள். லிஃப்ட் மோட்டார் மாற்றுவது, கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது போன்ற சிறப்பு வசூல் ஓனர் பொறுப்பு என்று இப்போதே ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். அது அவர் சொத்தின் மதிப்பைக் கூட்டும் செலவு.

ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. 11 மாதத்துக்குப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து போட்டால் போதும் என்று புரோக்கர் சொல்வார். பிரச்சினை வரும் நாளில் அந்தப் பதிவு எண்தான் உங்களுக்குத் துணை.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். இங்கே ஐந்து, பத்து மாதம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து போட்டுவிட்டால் அதுவே ‘வேறுவிதமாக எழுதியது’ ஆகிவிடும் என்பதால், பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வாஷ்பேசின், கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர். உப்புத் தண்ணீர்க் கட்டடத்தில் கீசர் உங்கள் பொறுப்பில் வருகிறது என்பதைப் பாருங்கள். குடிபோகும் முன் காயில் மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையேல் கீசர் ஓனர் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். ஏ.சி., சிம்னி, ஆர்.ஓ. இதெல்லாம் அட்டவணையில் பெயர் சொல்லி இல்லை, ஆனால் மின்சாதன ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு என்று பொதுவாக இருக்கிறது. சர்வீஸ் நீங்கள், கம்ப்ரஸர், கேஸ், போர்டு ஓனர் என்று பிரித்து எழுதுவது நியாயமாக இருக்கும். காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிக்கிற வழக்கம் இங்கே இருக்கிறது. அதற்குச் சம்மதமா இல்லையா என்று இப்போதே ஒரு வரி எழுதுங்கள். கார் நிறுத்தும் இடத்தின் எண், நோட்டீஸ் காலம், வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை கூடும் என்பதும் விட்டுப்போகக் கூடாது.

ஓனர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு வேலையும் சேரும். கையெழுத்து போடுகிற அண்ணனோ மாமாவோ பவர் பத்திரம் வைத்திருக்கிறாரா என்று பார்த்து நகல் வாங்குங்கள். வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுக்கிறவர் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை குறைவு என்பதால் விலக்கு இல்லை. ஓனர் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தரலாம். ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முதல் மாத வாடகையைக் கொடுங்கள். சம்பளத்தில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கோருகிறவர்கள், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணையும் வாங்க வேண்டும்.

ஒத்திக்கு எடுக்கலாமா

மாத வாடகையே இல்லை, பல லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் போதும், காலி செய்யும்போது அப்படியே திருப்பித் தருகிறேன் என்று சில ஓனர்கள் கேட்பார்கள். வீட்டுக் கடன் தவணை நெருக்கும்போதுதான் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பாருங்கள். வங்கி அடமானம் இருந்தால், கடன் கட்டாத நாளில் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும், உங்கள் லட்சங்கள் வரிசையில் பின்னால் நிற்கும். ஒத்திப் பத்திரம் என்பது அடமானப் பத்திரம். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், இரண்டு சாட்சி கையெழுத்தும் வேண்டும். பத்திர அலுவலகத்துக்கு வர ஓனர் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

குடிபோகும் நாள், காலி செய்யும் நாள்

பொருட்களை இறக்குவதற்கு முன் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். ஈ.பி. மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், டைல்ஸ் உடைசல், மாடுலர் கிச்சன் டிராயர்கள், ஏ.சி. ரிமோட் எத்தனை, சாவி எத்தனை செட் எல்லாம் எழுதி, அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு அழுத்தம் பாருங்கள், ஒவ்வொரு ஏ.சி.யையும் இருபது நிமிஷம் ஓட விடுங்கள். லிஃப்டில் பீரோ ஏற்ற அசோசியேஷன் தனிக் கட்டணம் கேட்டால் ரசீது வாங்குங்கள்.

குடியிருக்கும் காலத்தில் ஓனர் வீட்டைப் பார்க்க வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். சண்டை வந்தது என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். காலி செய்யும்போது மீட்டர் ரீடிங் படி நடப்பு கரண்டு பில்லையும் மெயின்டனன்ஸையும் கட்டி, அசோசியேஷனிடம் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கி, சாவி கொடுத்த தேதியை ஓனரிடம் எழுத்தில் பெறுங்கள். சட்டப்படி அட்வான்ஸைத் திருப்பித் தர ஓனருக்கு ஒரு மாதம்தான் அவகாசம், அந்தத் தேதியில் இருந்துதான் கணக்கு.